ஒற்றை எக்ஸும் மூளையின் ரத்தக்குழாய்களும்

டர்னர் நோய்க்குறி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது குட்டையான உடல்வாகு. அடுத்தது, உரிய வயதில் பூப்பெய்தாமை. இரண்டும் வெளியே தெரிபவை. பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவையும் இவையே. ஆனால் ஆயுளைக் குறைப்பவை இவை அல்ல. பிரிட்டனில் 1959 முதல் 2002 வரை இந்நோய்க்குறி கண்டறியப்பட்ட 3,439 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளியானது. மற்ற பெண்களோடு ஒப்பிட்டால் இவர்களிடையே இறப்பு மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் இறப்புகளில் 41 விழுக்காடு இதயமும் ரத்தக்குழாய்களும் சார்ந்தவை.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியை மருத்துவ உலகம் கடந்த சில பத்தாண்டுகளில் கூர்ந்து கவனிக்கத் தொடங்கிவிட்டது. அதே பெருந்தமனியிலிருந்து கிளைத்து மூளைக்குச் செல்லும் குழாய்கள்மீது அந்தக் கவனம் விழவில்லை. இப்பெண்களின் மூளை ரத்தக்குழாய் வேறுபாடுகளைத் தனியொரு நோயாகப் பார்ப்பதைவிட, உடல் முழுவதும் பரவிய ஒரே தமனி மாற்றத்தின் மேல்நுனியாகப் பார்ப்பதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படிப் பார்த்தால்தான் சிகிச்சையில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும்.

ஒரு குரோமோசோம் குறைந்தால்

பெண்ணின் உயிரணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கும். ஒன்று முழுவதுமாகவோ பகுதியாகவோ இல்லாமல் போவதே டர்னர் நோய்க்குறி. பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. ஒற்றை எக்ஸுடன் உருவாகும் கருக்களில் மிகப் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்பே கலைந்துவிடுகின்றன. பிறந்து வளர்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எல்லா உயிரணுக்களிலும் ஒரே எக்ஸ்தான் இருக்கும். மற்றவர்களில் சில உயிரணுக்களில் ஒன்றும் சிலவற்றில் இரண்டுமாக இருக்கலாம்; அல்லது இரண்டாவது எக்ஸ் சிதைந்த வடிவில் இருக்கலாம்.

1930இல் ஜெர்மனியின் குழந்தை மருத்துவர் ஓட்டோ உல்ரிச் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இந்நோய்க்குறியின் உடல் அடையாளங்களைப் பதிவுசெய்தார். 1938இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஹென்றி டர்னர் ஏழு பெண்களை விவரித்தார். காரணம் குரோமோசோமில் இருக்கிறது என்பது 1959இல்தான் தெரிந்தது. பிரிட்டனில் சார்லஸ் ஃபோர்டும் பால் பொலானியும் அவர்களின் சகாக்களும் 46க்குப் பதில் 45 குரோமோசோம்களை எண்ணிக் காட்டினர்.

பெண்ணுடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு எக்ஸ் அடக்கிவைக்கப்படுகிறது என்று 1961இல் மரபியலாளர் மேரி லயன் முன்வைத்தார். இரண்டில் ஒன்று எப்படியும் உறங்கத்தான் போகிறது என்றால், அது இல்லாமல் போவதால் என்ன குறை? விடை, அந்த உறக்கம் முழுமையானதல்ல என்பதில் இருக்கிறது. அடக்கப்பட்ட எக்ஸில் உள்ள மரபணுக்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு அடங்காமல் தொடர்ந்து வேலை செய்கின்றன. வேறு சில, ஆளுக்கு ஆள் மாறுபட்ட அளவில் விழித்திருக்கின்றன. இவை இரண்டு பிரதிகளிலிருந்து வேலை செய்யவேண்டியவை. எலும்பு வளர்ச்சிக்கான ஷாக்ஸ் என்ற மரபணுவின் ஒரு பிரதி குறைவதால் உயரம் குறைகிறது. ரத்தக்குழாய்ச் சுவரிலும் இதைப் போன்ற பற்றாக்குறை நேர்கிறது.

பெருந்தமனியில் தெரியும் முதல் அடையாளம்

பெருந்தமனி வால்வுக்கு வழக்கமாக மூன்று இதழ்கள். டர்னர் நோய்க்குறி உள்ளவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இரண்டே இதழ்கள்தாம். பெருந்தமனியின் வளைவைத் தாண்டிய இடத்தில் குழாய் இறுகிக் குறுகும் பெருந்தமனிக் குறுக்கமும் இவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. வேறு சிலருக்கு அந்த வளைவு நீண்டு தட்டையாகக் கிடக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக அஞ்சப்படுவது தமனிச் சுவர் கிழிதல். டென்மார்க்கில் 2006இல் வெளியான கணக்கின்படி ஆண்டுக்கு 1,00,000 டர்னர் பெண்களில் 36 பேருக்கு இது நேர்கிறது. பொதுமக்களில் 6 பேருக்குத்தான். அதுவும் முதுமையில் அல்ல. பாதிக்கப்பட்டோரின் இடைநிலை வயது 35.

சுவர் ஏன் வலுவிழக்கிறது? தமனியின் சுவரில் எலாஸ்டின், கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. இவற்றை அறுத்துப் புதுப்பிக்கும் நொதிகள் உண்டு. அந்த நொதிகள் அளவு மீறாமல் தடுக்கும் புரதங்களும் உண்டு. தடுக்கும் புரதங்களில் ஒன்றான டிம்ப்-1க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதன் உறவான டிம்ப்-3க்கான மரபணு இருப்பது 22ஆம் குரோமோசோமில். டிம்ப்-1 ஒரே பிரதியாக இருந்து, கூடவே டிம்ப்-3இல் குறிப்பிட்ட மாறுபாடுகளும் அமைந்துவிட்டால், இரண்டு இதழ் வால்வும் பெருந்தமனி விரிவும் சேர்ந்து வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

ஆண்களுக்கும் ஒரே எக்ஸ்தானே, அவர்களுக்கு ஏன் இது வருவதில்லை என்ற கேள்வி இயல்பானது. எக்ஸின் சில மரபணுக்களுக்கு ஒய் குரோமோசோமில் இணைகள் உண்டு, ஷாக்ஸ் அப்படிப்பட்டது. டிம்ப்-1க்கு அத்தகைய இணை இல்லை. பொதுமக்களிடையே இரண்டு இதழ் வால்வும் பெருந்தமனிக் குறுக்கமும் பெண்களைவிட ஆண்களிடமே கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது எக்ஸ் ரத்தக்குழாய்க்கு ஒரு பாதுகாப்பு என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

கழுத்துத் தமனியில் இரண்டு மாற்றங்கள்

பெருந்தமனியிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் கழுத்துத் தமனி இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவியை மேலே வைத்தாலே அதன் விட்டத்தையும் உட்சுவரின் தடிப்பையும் அளந்துவிடலாம். லண்டனில் ஜூலியா ஆஸ்ட்பர்க்கும் ஜெரார்டு கான்வேயும் அவர்களின் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வின் சிறப்பு, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பதில் உள்ளது. டர்னர் பெண்களையும் நலமுள்ள பெண்களையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால், காணும் வேறுபாடு குரோமோசோமால் வந்ததா, சூலகம் இயங்காததால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து வந்ததா என்று பிரிக்க முடிந்திருக்காது. எனவே மூன்றாவதாக ஒரு குழுவைச் சேர்த்தார்கள். இரண்டு எக்ஸும் உள்ள, ஆனால் வேறு காரணங்களால் பூப்பெய்தாத பெண்கள் அவர்கள்.

உட்சுவர் தடிப்பு டர்னர் பெண்களிடம் மட்டுமல்லாமல் இந்த மூன்றாம் குழுவிடமும் காணப்பட்டது. எனவே அதில் ஈஸ்ட்ரோஜன் குறைவுக்குப் பங்குண்டு. தமனி அகன்று விரிந்திருப்பதோ டர்னர் பெண்களிடம் மட்டுமே தெரிந்தது. எனவே அதை ஒற்றை எக்ஸின் கணக்கில்தான் வைக்க வேண்டும். ஒரே குழாயில் இரண்டு மாற்றங்கள்; இரண்டுக்கும் வெவ்வேறு காரணங்கள். ஒன்று மருந்தால் ஈடுசெய்யக்கூடியது, மற்றது பிறவியிலேயே வந்தது.

அகலத்தை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 3.6 செ.மீ. அகலமுள்ள பெருந்தமனி உயரமான ஒருவருக்கு இயல்பாகத் தோன்றலாம். உடற்பரப்பு 1.4 சதுர மீட்டர் மட்டுமே உள்ள ஒரு டர்னர் பெண்ணுக்கு அதே அளவைப் பரப்பால் வகுத்தால் 2.57 வருகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 2.5 செ.மீ. என்பதே ஆபத்துக் கோடாக நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஸ்கேன் அறிக்கையில் 'இயல்பு' என்று எழுதப்படும் எண், இந்த உடலுக்கு இயல்பல்ல. குழாய் அகன்றால், உள்ளிருக்கும் அதே அழுத்தம் சுவரின்மீது கூடுதல் இழுவிசையைத் தரும். மெலிந்த சுவர், அகன்ற குழாய், உயர்ந்த அழுத்தம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் ஆபத்து முற்றுகிறது.

கருவில் ஒரே மூலம்

இதயத்தை ஒட்டிய குழாயில் வரும் குறை, மண்டையோட்டுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் ஏன் தெரியவேண்டும்? இதற்கான விடையைக் கருவியல் தருகிறது. கருவின் ஆரம்ப வாரங்களில், பின்னாளில் மூளையும் தண்டுவடமுமாக மாறப்போகும் நரம்புக் குழலின் மேல்விளிம்பிலிருந்து ஒரு வகை உயிரணுக்கள் பிரிந்து இடம்பெயர்கின்றன. நரம்பு முகடு உயிரணுக்கள் என்பது அவற்றின் பெயர்.

இவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று கண்டறிய, பிரான்சில் நிக்கோல் லெ துவாரின் உருவாக்கிய முறை அழகானது. காடைக் கருவின் உயிரணுக்களை எடுத்துக் கோழிக் கருவில் பொருத்துவார்கள். காடையின் உயிரணு மையத்தில் சாயம் ஏறும் அடர்ந்த திட்டு ஒன்று இருக்கும். கோழியின் உயிரணுவில் அது இருக்காது. சில நாள் கழித்துத் திசுவைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், எந்த உயிரணு காடையிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம். இந்த முறையைப் பயன்படுத்தி 2001இல் வெளியான ஆய்வு, முகத்துக்கும் முன்மூளைக்கும் செல்லும் ரத்தக்குழாய்களின் தசைச் சுவர் நரம்பு முகட்டிலிருந்தே வருகிறது என்று காட்டியது. பின்மூளையின் குழாய்ச் சுவர் வேறு திசுவிலிருந்து வருகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைவின் தசைச் சுவரும் நரம்பு முகட்டின் கொடையே.

ஆக, பெருந்தமனி வளைவும் முன்மூளைத் தமனிகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. அந்த மூலத்தில் நேரும் குறை, கிளைகள் எவ்வளவு தூரம் பிரிந்து போனாலும் கூடவே போகும். டர்னர் நோய்க்குறியைத் தாண்டிய சான்றுகளும் இதையே சொல்கின்றன. மூளைத் தமனியில் அனியூரிசம் எனப்படும் புடைப்பு பொதுமக்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரிடம் உண்டு. இரண்டு இதழ் வால்வு உள்ள 61 பேரை 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பரிசோதித்தபோது 9.8 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. பெருந்தமனிக் குறுக்கம் உள்ள 100 பேரை ஆராய்ந்து மேயோ கிளினிக் 2003இல் வெளியிட்ட ஆய்விலும் பத்தில் ஒருவரிடம் புடைப்பு காணப்பட்டது. இந்த இரண்டு இதயக் குறைகளும் டர்னர் பெண்களிடம் பொதுமக்களைவிடப் பல மடங்கு கூடுதல் என்பதை மறந்துவிடக் கூடாது.

வில்லிஸ் வளையம்

மூளைக்கு ரத்தம் நான்கு குழாய்கள் வழியே ஏறுகிறது. முன்புறம் இரண்டு கழுத்துத் தமனிகள். பின்புறம் முதுகெலும்பை ஒட்டி ஏறும் இரண்டு முதுகெலும்புத் தமனிகள். மூளையின் அடித்தளத்தில் இவற்றின் கிளைகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட மூளை உடற்கூறு நூலில் இதை விளக்கினார். படங்களை வரைந்தவர்களில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் ஒருவர். ஒரு சாலை அடைபட்டால் வண்டிகள் வட்டச் சாலை வழியே சுற்றிப் போவதுபோல, ஒரு தமனியில் ஓட்டம் குறைந்தால் மற்றவை ஈடுகொடுக்க இந்த வளையம் உதவுகிறது.

பாடநூல் படத்தில் உள்ளதுபோல் முழுமையான வளையம் எல்லோருக்கும் இருப்பதில்லை. நலமாக வாழும் பலருக்கு, குறிப்பாகப் பின்பக்க இணைப்புக் குழாய்கள் மிக மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். எனவே ஒரு டர்னர் பெண்ணின் எம்.ஆர்.ஐ. படத்தில் வளையம் முழுமையாக இல்லை என்று வந்தால் அதுவே நோய் ஆகிவிடாது. ஆனால் ரத்த அழுத்தத்தோடு சேர்த்துப் பார்க்கையில் அதன் பொருள் மாறலாம்.

பிரிட்டனின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: உயர் ரத்த அழுத்தம் மூளை தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடாக இருக்குமோ? அழுத்தம் உயர்ந்தவர்களிடம் முதுகெலும்புத் தமனி மெலிந்திருப்பதும் வளையத்தின் பின்பகுதி முழுமையடையாமல் இருப்பதும் கூடுதலாகக் காணப்பட்டன. குழாய் குறுகலாக இருந்தால் போதுமான ரத்தத்தைப் பெற மூளை உடலின் அழுத்தத்தையே உயர்த்தச் செய்கிறது என்பது அவர்களின் கருதுகோள். பெருந்தமனிக் குறுக்கத்தை அறுவையால் சரிசெய்துகொண்டவர்களிடமும் இதே அமைப்பு கூடுதலாக இருப்பதை அவர்கள் பின்னர் கண்டனர். குறுக்கம் நீங்கிய பிறகும் பலருக்கு அழுத்தம் ஏன் இறங்குவதில்லை என்ற பழைய புதிருக்கு இது ஒரு வழி காட்டுகிறது.

டர்னர் பெண்களில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. சிறுமிகளுக்கு 24 மணி நேரம் தொடர்ந்து அளந்தபோது, இரவில் இயல்பாக இறங்கவேண்டிய அழுத்தம் பாதிக்கும் மேற்பட்டோரிடம் போதிய அளவு இறங்கவில்லை. பலரிடம் சிறுநீரகக் கோளாறோ பெருந்தமனிக் குறுக்கமோ இல்லாமலேயே இது நேர்கிறது. மூளைக்குச் செல்லும் குழாய்களின் அமைப்பே இதில் பங்கு வகிக்கக்கூடும் என்ற சிந்தனையை இப்பெண்களிடம் முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வேறுபாடு எப்போது நோயாகிறது?

டென்மார்க்கின் பதிவேடுகளைக் கொண்டு கிளாஸ் கிராவ்ஹோல்ட் குழுவினர் 1998இல் வெளியிட்ட கணக்கில், டர்னர் பெண்களிடம் மூளை ரத்தக்குழாய் நோய்கள் பொதுமக்களைவிட 2.7 மடங்கு. கழுத்துத் தமனிச் சுவர் கிழிதல், மூளைத் தமனிப் புடைப்பு வெடித்தல், மூளையின் அடித்தளத் தமனிகள் படிப்படியாக அடைபடும் மோயாமோயா நோய் ஆகியவற்றைத் தனித்தனி நோயாளி அறிக்கைகளாக மருத்துவ இதழ்கள் வெளியிட்டுள்ளன.

அப்படியானால் எல்லா டர்னர் பெண்களுக்கும் மூளைத் தமனி ஸ்கேன் எடுத்துவிடலாமா? மருத்துவ உலகம் இங்கே ஒருமனதாக இல்லை. பெருந்தமனிக் குறுக்கம் உள்ள பெரியவர்களுக்கு மூளைத் தமனிப் புடைப்பு உள்ளதா என்று பார்ப்பது நியாயமாக இருக்கலாம் என்று 2018இன் அமெரிக்க இதய வழிகாட்டுதல் மென்மையாகச் சொல்கிறது. அறிகுறி இல்லாத எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்பது 2020இன் ஐரோப்பிய வழிகாட்டுதலின் நிலை. தயக்கத்துக்குக் காரணம் உண்டு. மிகச் சிறிய புடைப்புகளில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிக்காமலே இருந்துவிடும். கண்டுபிடித்துவிட்டால் அச்சம் ஒட்டிக்கொள்ளும். சில நேரம் தேவையற்ற அறுவையும் நடக்கும்.

இத்தாலியிலிருந்து 2015இல் வந்த ஒரு செய்தி இங்கே முக்கியம். பெருந்தமனிக் குறுக்கத்தைச் சிறுவயதிலேயே சரிசெய்துகொண்ட பிள்ளைகளை அவர்களின் வளரிளம் பருவத்தில் ஸ்கேன் செய்தபோது ஒருவரிடம்கூடப் புடைப்பு இல்லை. பெரியவர்களில் பத்தில் ஒருவர்; பிள்ளைகளில் யாருமில்லை. சுவரின் பலவீனம் பிறவியிலேயே வந்ததாக இருந்தாலும், புடைப்பு ஆண்டுகளின் அழுத்தத்தால் உருவாகிறது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு. அப்படியென்றால் நம் கையில் காலம் இருக்கிறது.

ஈஸ்ட்ரோஜனின் பங்கு

டர்னர் பெண்கள் பெரும்பாலானோரிடம் சூலகம் மிக முன்னதாகவே செயலிழந்துவிடுகிறது. எனவே 11, 12 வயதில் மிகக் குறைந்த அளவில் ஈஸ்ட்ரோஜன் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக உயர்த்தி, மாதவிடாய் நிற்கும் இயல்பான வயதுவரை தொடர்வது இன்றைய நடைமுறை. தோலில் ஒட்டும் பட்டை வடிவம் விரும்பத்தக்கது. விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலைக் கடப்பதால் ரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது.

இந்தச் சிகிச்சையை மார்பக வளர்ச்சிக்கும் மாதவிடாய்க்கும் மட்டும் உரியதாகக் கருதி, திருமணம் முடிந்ததும் அல்லது மாதவிடாய் 'தேவையில்லை' என்று தோன்றியதும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. டென்மார்க்கில் 2020இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், எல்லா உயிரணுக்களிலும் ஒற்றை எக்ஸ் உள்ள பெண்களில் ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடப் பக்கவாதத்துக்காக மருத்துவமனையில் சேர்வது குறைவாக இருந்தது. ரத்த அழுத்த மருந்தும் நீரிழிவு மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. லண்டன் ஆய்வு கழுத்துத் தமனியின் உட்சுவரில் கண்டதை இந்தப் புள்ளிவிவரம் வாழ்க்கையில் காட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் இவர்களுக்கு ரத்தக்குழாய் மருந்தும்கூட.

செய்யவேண்டியவை

தமனி மரம் ஒன்றே என்ற பார்வை நடைமுறையில் சில எளிய கடமைகளைத் தருகிறது. டர்னர் நோய்க்குறி உறுதியானதும் மருத்துவர் ஒரு கையை மணிக்கட்டு நாடியிலும் மறு கையை இடுப்பு மடிப்பில் உள்ள தொடை நாடியிலும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொடை நாடி பிந்தித் துடித்தாலோ மெலிந்திருந்தாலோ பெருந்தமனி குறுகியிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். கையிலும் காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்தால் ஐயம் உறுதிப்படும். எக்கோ எனப்படும் இதய அல்ட்ராசவுண்டோடு நிறுத்தாமல், பிள்ளை அசையாமல் படுக்கும் வயது வந்ததும் இதயத்துக்கும் பெருந்தமனிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வால்வுக் குறையோ குறுக்கமோ கட்டுப்படாத அழுத்தமோ உள்ள பெரியவர்களுக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் மூளை ரத்தக்கசிவு நேர்ந்திருந்தால், மூளைத் தமனிப் படமும் எடுப்பது பற்றி மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். கருத்தரிப்பைத் திட்டமிடும் ஒவ்வொருவருக்கும் பெருந்தமனி அளவீடு முன்கூட்டியே வேண்டும்.

திடீரென்று வாழ்நாளில் கண்டிராத கடுமையான தலைவலி, ஒரு பக்கக் கழுத்து வலியோடு கண்ணிமை தாழ்வது, முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி ஆகிய எதுவாக இருந்தாலும் காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதும் 'எனக்கு டர்னர் நோய்க்குறி' என்று முதலில் சொல்ல வேண்டும். 30 வயதுப் பெண்ணிடம் தமனிக் கிழிசலை எதிர்பார்க்காத மருத்துவருக்கு அந்த ஒரு சொல் வழிகாட்டும்.

இத்தனையும் நோய்க்குறி கண்டறியப்பட்ட பிறகே நடக்கும். பிள்ளை வகுப்பிலேயே குட்டையாக இருந்தால், 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டால், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால், 'நம் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்று காத்திருக்காதீர்கள். குரோமோசோம் பரிசோதனைக்குத் தேவை சிறிதளவு ரத்தம்தான். இதை மறைக்கவேண்டிய குறையாகக் கருதும் குடும்பங்கள் இழப்பது சிகிச்சைக்கான ஆண்டுகளை. டர்னர் நோய்க்குறி உள்ள பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். பிறவியில் வந்த தமனிச் சுவரை இன்று எவராலும் மாற்ற முடியாது. அதன்மீது விழும் அழுத்தத்தைக் குறைக்கவும் இழந்த ஈஸ்ட்ரோஜனை உரிய காலத்தில் திருப்பித் தரவும் இன்றே முடியும். இப்பெண்களின் மூளையைக் காக்கும் முதல் கருவி விலையுயர்ந்த ஸ்கேன் அல்ல, ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் தவறாமல் கட்டப்படும் ரத்த அழுத்தப் பட்டைதான்.